காக்கையின் சாட்சி

எங்கள் சாப்பாட்டுக் கடையில் முதல் வாய் அக்காவுடையது. நான் சோறு வடித்து, மீன் குழம்பை இறக்கி வைத்ததும் அவள் பின்வாசலில் வந்து நிற்பாள். காலையில் எங்களுக்கு மீன் போட்டுவிட்டுப் போனவள், தெருத்தெருவாக விற்று முடித்துக் காலிக் கூடையோடு திரும்பும் நேரமும் எங்கள் உலை இறங்கும் நேரமும் ஒன்றாக இருக்கும். நான் ஓர் இலைத் துண்டில் கொஞ்சம் சோறும் குழம்பும் ஒரு துண்டு மீனும் வைத்துக் கொடுப்பேன். நின்றபடியே சாப்பிடுவாள். ருசி பார்க்கிறவள் மாதிரி இராது, மருந்து விழுங்குகிறவள் மாதிரி இருக்கும். தண்ணீர் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "போடு தங்கச்சி. இப்ப போடு" என்பாள். அப்புறம்தான் முன்கூடத்தில் இலை விழும்.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஒரு குப்பமே அவளைக் காறித் துப்பியது. எங்களுக்கு அவள் மீன்கார அக்கா.

நாங்கள் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். யுத்தம் முடிந்த பிறகு என் கணவர் ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இந்தக் கடையைப் போட்டார். கைக்குழந்தையோடு நான் வந்து சேர்ந்தேன். மூட்டை தூக்குகிறவர்கள், நிலக்கரி அள்ளுகிறவர்கள், கப்பலில் துரு சுரண்டுகிறவர்கள் எல்லாரும் மத்தியானம் எங்களிடம்தான் சாப்பிடுவார்கள். அவர்கள் எழுந்து போன பிறகு பெஞ்சியிலும் சுவரிலும் கரித்தூள் கை அச்சாகப் பதிந்திருக்கும்.

முதல் தடவை அவள் வந்து கை நீட்டியபோது பசி என்றுதான் நினைத்தேன். இலை நிறையப் போட்டு, "உக்காந்து சாப்பிடுங்கக்கா" என்றேன். ஒரு வாய் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டாள்.

"எனுக்குப் பசி இல்ல தங்கச்சி. இத்த யாரும் துன்றதுக்கு முன்ன நான் ஒரு வாய் துன்னணும். அவ்ளோதான்."

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. "ஏளா, இது என்ன பழக்கம்? ஆளுக சாப்பிடதுக்கு முன்ன இவ வந்து எச்சி பண்ணுதா" என்று முணுமுணுத்தார். தனி இலையில்தானே கொடுக்கிறேன் என்று சமாதானம் சொன்னேன். அவள் கொண்டுவருகிற மீன் அப்படி. செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்கும். விற்காமல் மிஞ்சினால் உப்புப் போடக்கூட மாட்டாள், கொண்டுபோய்க் கடலில் கொட்டிவிடுவாள். மற்ற மீன்காரிகள் அவளைக் கேலி பேசுவதற்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

காலையில் அவளுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. கூடையை இறக்கி வைத்ததும் ஆள்காட்டி விரலை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள்.

"எத்தினி?"

"ஒண்ணு."

"கண்ணு நல்லாத் தொறக்குதா? எச்சி முயுங்க முடியுதா?"

"முடியுதுக்கா."

அதற்கப்புறம்தான் மீன் பேச்சு. என்னிடம் மட்டும் இல்லை, சாலையில் எதிர்ப்படுகிற எங்கள் வாடிக்கை ஆட்கள் எல்லாரிடமும் இந்தக் கேள்விதான். சிரித்துக்கொண்டே "ஒண்ணுக்கா, ஒண்ணேதான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார்கள். கொஞ்சம் கழன்ற கேஸ் என்று நினைத்தார்களே தவிர, யாரும் அவளிடம் முகம் சுளித்ததில்லை.

என் மகளுக்குப் பேச்சு நன்றாக வந்து வாய்த்துடுக்கும் வந்த பிராயம். ஒரு நாள் காலை அக்கா விரலைத் தூக்கி "கண்ணு, இது எத்தினி?" என்று கேட்டாள். என் மகள் தலையைச் சாய்த்துக் கண்களைப் பாதி மூடிக்கொண்டு, "ரெண்டு" என்றாள்.

அக்காவின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். மீன் கூடை வாசலிலேயே கிடந்தது. ஜட்கா வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் நடுவில், செருப்பில்லாத காலோடு, "உட்ராத கண்ணு, மூச்ச உட்ராத" என்று கத்திக்கொண்டே ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணை விரித்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எங்களைத் திட்டி அனுப்பினார். என் மகள் பயந்துபோய், "வெளாட்டுக்குத்தான் சொன்னேன்" என்று அழுதாள்.

ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அக்கா வாந்தி எடுத்தாள். பிறகு குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு, "வெளாட்டுக்குக்கூட அத்த சொல்லாத கண்ணு" என்றாள்.

விஷயம் தெரிந்ததும் என் கணவர் அவளை உள்ளே விடக்கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் மத்தியானம் அவள் பின்வாசலுக்கு வரவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். கடை நிறைந்திருந்தது. இலை போட்டுச் சோறும் பரிமாறியாகிவிட்டது. ஆனால் யாரும் வாயில் வைக்கவில்லை. நிலக்கரி அள்ளுகிற பெரியவர் ஒருவர் சோற்றைப் பிசைவதும் விடுவதுமாக இருந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பொம்பளய உள்ள உட்டுடு. அது துன்னாங்காட்டி எங்குளுக்கு எறங்கல."

"அவ தின்னா ஒங்களுக்கு என்னய்யா?"

"இன்னான்னு தெரியல. பயகிப் பூட்ச்சி."

என் கணவர் தோளில் கிடந்த துண்டை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் போய் அவளைக் கூப்பிட்டு வந்தேன்.

அவள் மேல் எனக்குப் பிரியம் இருந்தது. ஆனால் அவள் பக்கத்தில் நிற்கும்போது முதுகில் ஏதோ ஊர்வது போலவும் இருக்கும். ஓர் ஆடி அமாவாசை அன்று கைப்பிடிச் சுவரில் இலை வைத்துக் காக்கையைக் கூப்பிட்டேன். கிரேன் கம்பிகளில் உட்கார்ந்திருந்த கூட்டத்திலிருந்து ஒன்று வந்து கொத்தியது. இறந்துபோன என் மாமனாரே வந்து சாப்பிட்ட மாதிரி எனக்கு மனசு நிறைந்தது. திரும்பினால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். காக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது துன்ட்டா எல்லாம் ஆச்சா?" என்று கேட்டாள்.

"ஏன்க்கா அப்படிக் கேக்கிய?"

"அது பாட்டுக்குத் துன்ட்டுப் பூடும். அது சொன்னா சாட்சியாயிடும். நம்ம சொன்னா ஆவாது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

அர்த்தம் புரிய ஆரம்பித்தது வேறொருத்தி மூலம். ஒரு கோடைக் காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டு ஒரு நாள் வரவில்லை. எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மீன்காரியிடம் வாங்கினோம். பேச்சுவாக்கில் அக்காவின் அடையாளத்தைச் சொன்னதும் அவள் மூக்கில் விரல் வைத்தாள்.

"அவளா? அண்ணாச்சி, அவ யார்னு தெரியாதா உனுக்கு? கட்னவன், பெத்தது ரெண்டு, மூணு பேத்துக்கும் வெசம் வெச்சி சாவடிச்சவ. எங்க குப்பத்துலேந்து அட்ச்சித் தொரத்தினாங்க. அவள இட்டாந்து சோத்துப் பானகிட்ட நிக்க வெச்சினுகீறியே!"

நான் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தேன். இத்தனை நாளாக அவள் என் அடுப்படியில் நின்றதை, இலைக்காகக் கை நீட்டியதை, என் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை எல்லாம் மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். மூன்று பேரைக் கொன்றவள் எதற்காக விரலைக் காட்டி எத்தனை என்று கேட்க வேண்டும்?

மறுநாள் அவள் வருவதற்காக என் கணவர் பின்வாசலிலேயே காத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து மாட்டு டாக்டர் ஒருவரும் வந்திருந்தார். வேப்பேரிப் பக்கத்தில் வேலை. எண்ணூர்ப் பக்கம் கால்நடை பார்க்கப் போய்த் திரும்பும்போது எங்களிடம் சாப்பிடுவார். ஒல்லியான இளைஞர், சட்டையில் எப்போதும் பினாயில் வாடை அடிக்கும். வெயிலுக்குப் பயந்து, கையில் இருந்த ஓலைக் கூடையைப் பின்வாசல் நிழலில் வைத்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

அக்கா வந்தாள். காய்ச்சலில் கன்னம் ஒட்டியிருந்தது.

"நில்லு," என்றார் என் கணவர். "நேருக்கு நேராக் கேக்கேன். ஒன் புருசனுக்கும் பிள்ளையளுக்கும் வெசம் வச்சது நீதானா?"

அவர் கேட்டது அவள் காதில் விழுந்ததா என்றே சந்தேகமாக இருந்தது. ஓலைக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு கோழி கிடந்தது. உயிர் இருந்தது. கழுத்து மட்டும் ஈரத்துணி மாதிரித் துவண்டு கூடை விளிம்பில் தொங்கியது. இமைகள் பாதி இறங்கி நின்றிருந்தன. அக்கா குந்தி உட்கார்ந்து கோழியின் தலையை உள்ளங்கையில் ஏந்தினாள். விரலால் ஓர் இமையைத் தூக்கிவிட்டாள். அது திரும்ப விழுந்தது.

"நைனா, இது இன்னாத்தத் துன்னுச்சு?"

டாக்டர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எண்ணூர்ல கழிமுகத்து ஓரம் தண்ணி வத்திப்போய் மீன் செத்து ஒதுங்கிக் கிடக்கும்மா. அதுல புழு. அந்தப் புழுவைத் தின்ன கோழியெல்லாம் இப்படித்தான் கழுத்து தொங்கிச் சாகுது. ஒண்ணை வேப்பேரிக்குக் கொண்டுபோய்ப் பாக்கலாம்னு எடுத்துக்கிட்டு வந்தேன்."

"காக்கா?"

"என்ன?"

"அங்க காக்கா வர்லியா? அது துன்னலியா?"

"வராம இருக்குமா? அதே மீனையும் அதே புழுவையும்தான் கொத்திக்கிட்டிருக்கு. செத்த கோழியையும் விடலை. அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆவாதா?" அவள் குரல் மிகவும் மெல்லியதாகிவிட்டது. "நல்லா சொல்லு நைனா."

அவள் கேட்ட விதத்தைப் பார்த்து டாக்டரும் குந்திவிட்டார். காற்றுப் படாமல் அழுகுகிற பொருளில் ஒரு கிருமி வளரும், அது ஒரு விஷத்தைக் கக்கும், அந்த விஷம் நரம்புக்குள் போய்க் கண், தொண்டை, கழுத்து என்று ஒவ்வொன்றாகத் தளரவைத்துக் கடைசியில் மூச்சை நிறுத்தும் என்று பொறுமையாகச் சொன்னார். மனிதனும் சாவான், கோழியும் வாத்தும் சாகும்.

"ஆனா அழுகினதைத் தின்னே வாழ்ற ஜாதிங்க இருக்கே, அதுங்க தாங்கும். பிணந்தின்னிக் கழுகுக்கு இந்த விஷத்தை ஊசியிலயே ஏத்திப் பாத்திருக்காங்கன்னு படிச்சிருக்கேன். அது பாட்டுக்கு உக்காந்திருந்துச்சாம். அதுங்க ரத்தத்துலயே இதை முறிக்கிற ஏதோ ஒண்ணு இருக்கு. காக்காவும் அந்த மாதிரித்தான்னு நெனக்கிறேன். எப்படி வந்ததுன்னு எனக்கு முழுசாத் தெரியாது. கண்ணால பாத்ததைச் சொல்றேன்."

"டப்பா மீன்ல அந்த வெசம் வருமா?"

"கெட்டுப்போன டப்பாவா? தாராளமா வரும். டப்பா உப்பியிருக்கும்."

அக்கா கோழியின் தலையை மெல்லக் கீழே வைத்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து அவள் சொன்னதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

யுத்த காலம். புயல் அடித்துப் பல நாள் கட்டுமரம் இறங்கவில்லை. ரேஷன் அரிசி தீர்ந்துவிட்டது. அவள் புருஷனின் தம்பி துறைமுகத்தில் கூலிக்குப் போனவன். வீணாய்ப்போனது என்று கழித்து எறிந்த குவியலிலிருந்து பட்டாளத்து மீன் டப்பா சிலவற்றைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டான். டப்பா உப்பியிருந்தது. குத்தித் திறந்தபோது சீறியது. அவளுக்கு என்னவோ போல இருந்தது. "காக்காக்கு வெச்சிப் பாரு" என்றான் புருஷன். கூரையில் வைத்தாள். இறக்கையில் ஓர் இறகு ஒடிந்த காக்கை வந்து தின்றது. பசித்த பிள்ளைகளை அடக்கி வைத்துக்கொண்டு அந்தக் காக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அதே ஒடிந்த இறகோடு அது திரும்பி வந்து இன்னும் கேட்டுக் கரைந்தது.

"அப்பால இன்னா பயம்? வெறவெல்லாம் மயைல ஊறிப் பூட்ச்சி, அடுப்பு பத்தல. அப்டியே பிரிச்சிக் குட்த்தேன். அவுரு, பெரியவன், சின்னது. சின்னது டப்பாவ வெரலால வயிச்சி நக்கிச்சி. எனுக்கு மிச்சம் இல்ல. நான் நீராகாரத்தக் குட்ச்சிட்டுப் பட்த்தேன்."

மறுநாள் புருஷனுக்கு இமை இறங்கியது. சின்னவள் அவள் மடியில் படுத்துக்கொண்டு, "யம்மா, ரெண்டு அம்மா கீறே" என்று சிரித்தாளாம்.

"சிரிச்சிச்சி தங்கச்சி. வெளாட்டுன்னு நானும் சிரிச்சேன். அப்பால தண்ணி குட்த்தா மூக்கால வந்திச்சி. பேச்சு நின்னுபோச்சி. ஆனா மூணு பேத்துக்கும் அறிவு இருந்திச்சி. கடசி வரைக்கும் என்னியே பாத்துனு கெடந்தாங்க."

பிணம் எடுக்கும்போதுதான் கொழுந்தன் ஒரு கேள்வி கேட்டான். காக்கா துன்னுச்சு, சாவல. அப்ப டப்பால ஒண்ணும் இல்ல. நீ துன்னல, சாவல. அப்ப நீ இன்னாத்தப் போட்டே? குப்பமே அதைத் திருப்பிக் கேட்டது.

"என்னால பதில் சொல்ல முடியல. காக்காதான் உசுரோட கூரை மேல குந்தினுகீதே. எல்லாரும் கேக்கக் கேக்க எனுக்கே பூந்துகிச்சி. தூக்கத்துல எதனா போட்டனா, கை தவறி உயுந்திச்சா, எம்மனசுல எதனா கெட்டது இருந்திச்சான்னு. இத்தினி வருசமா எனுக்கே தெரியாது நைனா, நான் கொன்னேனா இல்லியான்னு."

துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. என் கணவர் உள்ளே போனார். ஒரு தலைவாழை இலையைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்து, தானே சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினார்.

"சாப்பிடுங்க தாயி," என்றார்.

அவள் இலையைத் தொடவில்லை. டாக்டரைப் பார்த்து, "இத்த அங்க வந்து சொல்றியா நைனா? எம்பேச்ச எவனும் கேக்க மாட்டான்" என்றாள்.

அடுத்த வாரம் அவர் மறுபடி எண்ணூர்ப் பக்கம் போனபோது நானும் அக்காவும் கூடப் போனோம். திருவொற்றியூர் வரை பஸ். அதற்கப்புறம் நடை. டாக்டர் முன்னால் போனார். உப்பளங்களின் ஓரமாக வெள்ளை வெயிலில் நடக்கும்போது, ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"சாப்பிட்டு மறுநாள்தானே தெரியும்? அப்ப நீங்க முதல்ல தின்னு பாக்கிறதுல என்னக்கா பிரயோசனம்?"

"பாக்கறதுக்கா துன்றேன்? எனுக்குத் தெரியாதா, ஒரு நாள் ஆவும்னு?" அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "நம்ம பொம்பளைங்க கடசியா துன்றோம். அதான் நான் பொயச்சிக்கினேன். இனிமே யாராச்சும் போனா நானும் கூடப் பூடணும். எல்லாரும் போயி நான் மட்டும் நிக்கக் கூடாது. அதான்."

குப்பம் வரை அவள் பின்னாலேயே நடந்தேன்.

கொழுந்தன் ஒரு கட்டுமரத்தின் நிழலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். அவளைவிட வயதில் சின்னவன்தான். ஆனால் பார்வைக்குக் கிழவனாகத் தெரிந்தான். அவன் பெண்சாதி என்றைக்கோ தாய்வீடு போய்விட்டாளாம். அக்காவைப் பார்த்ததும் கயிறு கையிலிருந்து நழுவியது.

"இன்னாத்துக்கு வந்தே?"

"நான் பேச வர்ல. இவுரு பேசுவாரு. நீ கேளு."

ஆட்கள் கூடிவிட்டார்கள். டாக்டர் எங்களிடம் சொன்னதையே அவர்களுக்கும் சொன்னார். செத்த மீனைப் புதைக்க வேண்டும், கோழியை அந்தப் பக்கம் விடக்கூடாது, காக்கை தின்கிறதே என்று நம்பி எதையும் தின்னக் கூடாது. அந்தக் குப்பத்திலும் கோழிகள் செத்திருந்தன. "மெய்தான். எங்கூட்டுக் கோயியும் கய்த்து தொங்கித்தான் செத்துது. காக்கா நல்லாத்தான் திரியுது" என்று ஒருவன் சொன்னான். இடுப்பில் தண்ணீர்ப் பானையோடு நின்ற ஒருத்தி, யோசித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"அப்போ அந்த டப்பாதான்."

டப்பாவைக் கொண்டுவந்தது யார் என்று யாரும் சொல்லவில்லை. கூட்டம் முழுவதும் அக்காவிடமிருந்து முகத்தைத் திருப்பிக் கட்டுமர நிழலைப் பார்த்தது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தாளோ என்று நான் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. திடுக்கிட்டிருந்தாள். இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவள் நினைத்தே பார்த்திருக்கவில்லை.

அவன் தலையைத் தூக்காமல் பேசினான்.

"எனுக்கு அன்னிக்கே தெரியும் அண்ணி. நீ பண்ணலன்னு தெரியும். எங்கையால தூக்கினு வந்தத துன்ட்டுத்தான் எங்கண்ணன் செத்தான்னா நான் எப்டி இருப்பேன்? காக்கா சாவலன்னு சொன்னாங்க. அத்தக் கெட்டியாப் புட்ச்சிகினேன். எனுக்கு வேற இன்னா இருந்திச்சி?"

அக்கா கையை ஓங்கினாள். அடிப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஓங்கிய கையைத் தன் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டாள்.

"நான்தான் போட்டேன்னு நானே நம்பினு இருந்தேன்டா," என்றாள். அவ்வளவுதான். திரும்பிக் கடலோரமாக நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

நானும் டாக்டரும் கொஞ்சம் பின்னால் வந்தோம். டாக்டர் தயங்கித் தயங்கி என்னிடம் ஒன்று சொன்னார். நல்ல கொதி கொதிக்க வைத்திருந்தால் அந்த விஷம் முறிந்துபோயிருக்கும் என்றார். முன்னால் அவள் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். ஈர விறகைப் பற்றி அவள் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

"அதை மட்டும் அவளுட்டச் சொல்லிராதீங்க, டாக்டரய்யா," என்றேன். அவர் தலையசைத்தார். நானும் கடைசிவரை சொல்லவில்லை.

அதற்கப்புறம் சில நாட்கள் மீன் கொண்டுவந்தாள். யாரிடமும் பேசவில்லை. விரலைத் தூக்கவும் இல்லை. பிறகு வருவது நின்றுவிட்டது. கடலில் விழுந்திருப்பாளோ என்று என் கணவர் பயந்தார். ஆளை விட்டுக் காசிமேடு, ராயபுரம் எல்லாம் தேடச் சொன்னார். கடைசியில் அந்த எண்ணூர்ப் பக்கத்து மீன்காரிதான் சேதி கொண்டுவந்தாள். கொழுந்தன் அன்றையிலிருந்து சோறு தண்ணி தொடவில்லையாம், படுத்தவன் படுத்தபடிக் கிடந்தானாம். யார் சொன்னார்களோ, ஒரு நாள் காலையில் அக்கா மூட்டையோடு வந்து, அவன் குடிசையில் அடுப்பை மூட்டினாளாம்.

"அவளப் போயி தொரத்தினோமே" என்று அந்த மீன்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்களிடம் வந்து அவளைப் பற்றிச் சொன்ன வாயும் அதே வாய்தான்.

நாங்கள் கடையைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் ஒரு தடவை நான் போய்ப் பார்த்தேன். குடிசைக்குள் அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தேறியிருந்தான். அவள் எனக்கு மோர் கொடுத்தாள். இரண்டு பேரும் என் எதிரில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. சீக்கிரமே கிளம்பிவிட்டேன். வழியனுப்ப அவள் சாலை வரை வந்தாள்.

"எப்படிக்கா இருக்கிய, அவனோட?" என்று கேட்டேவிட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"எஞ்சின்னதுக்கு ஒதட்டு மேல ஒரு மச்சம் இருந்திச்சி தங்கச்சி. எந்தப் பக்கம்னு எனுக்கு மறந்து பூட்ச்சி. சோத்தாங்கைப் பக்கம்னு நெனச்சினு இருந்தேன். இல்ல அண்ணி, பீச்சாங்கைப் பக்கம்ன்றான் அவன். அவந்தானே தூக்கினு திரிவான் அத்த." அவள் நின்றுவிட்டாள். "அத்தக் கேக்க எனுக்கு வேற யாரு கீறா, சொல்லு?"

பின்னால் குடிசையிலிருந்து அவன் "அண்ணி" என்று கூப்பிட்டான். அவள் என் கையை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.